பறிக்கத் தெரிந்த கைக்குக் காக்கவும் தெரியும்



உடப்புசல்லாவைப் பகுதியில் ஒரு தோட்டத்தில், லயத்து வாசலில் அமர்ந்து ஒரு பாட்டியுடன் பேசிக்கொண்டிருந்தேன். நாற்பது வருடங்கள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர் அவர். வேலை தேடிக் கிளிநொச்சிக்குப் போன அவரது மகன் அங்கேயே திருமணம் செய்து குடியிருந்தார். 2009 ஆம் ஆண்டு போரின் இறுதி நாட்களில் அவர் இறந்துபோனார். மருமகள் இரண்டு பிள்ளைகளுடன் மாமியாரிடம் வந்து சேர்ந்தார்.

அன்று மருமகள் கறிக்கு வல்லாரை பறித்துவரக் கிளம்பினார். பாட்டி உடனே தடுத்தார்.

"மேல்மலைக் கானுல எடுக்காத புள்ள. போன கிழமைதான் புல்லுக்கு மருந்து அடிச்சாங்க. ஊத்தடிக்குப் போ. வேரோட புடுங்காத, கிள்ளி எடு. அப்பதான் அடுத்த கிழமையும் இருக்கும்."

"இவ்வளவு விசயம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே பாட்டி" என்றேன். அவர் சிரித்தார்.

"எனக்கென்ன தெரியும் மகள்? நான் பள்ளிக்கூடம் போகாதவ. தராசுல எத்தன கிலோன்னு கேப்பாங்க. எப்படி எடுத்தேன்னு யாரும் கேட்டதில்ல."

"எனக்கென்ன தெரியும்" என்ற இந்த வார்த்தையை நான் வன்னியிலும் கேட்டிருக்கிறேன், மட்டக்களப்பிலும் கேட்டிருக்கிறேன். எமது பெண்கள் பலர் நாவில் அது தயாராக இருக்கிறது. ஆனால், காட்டையும் மண்ணையும் நம்பி வாழ்பவர்களிடம் உள்ள அறிவு விஞ்ஞானிகளும் தேடிச் சென்று கற்கும் அறிவு. இம்மாதம் அதற்குச் சான்றாக இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்று எமக்கு அருகில், தென்னிந்தியாவில். மற்றையது தொலைவில், அமெரிக்காவில்.

சோலிகர்களின் மலை

கர்நாடக மாநிலத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழ்நாட்டின் சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி, பிளிகிரி ரங்கசுவாமி மலை இருக்கிறது. யானை, புலி, காட்டெருமை எல்லாம் வாழும் காடு அது. அங்கே காலங்காலமாக வாழ்ந்துவரும் பழங்குடி மக்கள் சோலிகர்கள். தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்ட மலைகளிலும் இவர்கள் இருக்கிறார்கள்.

நெல்லிக்காய், தேன், சீயக்காய், பாசி போன்றவற்றைச் சேகரித்து விற்பது இவர்களது முக்கிய வருமானம். பெண்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. மரத்தில் உள்ள நெல்லிக்காய் அனைத்தையும் இவர்கள் பறிப்பதில்லை. மானுக்கும் பறவைக்கும் கொஞ்சம், புதுக் கன்று முளைப்பதற்குக் கொஞ்சம் என விட்டுவைப்பார்கள். தேன் எடுக்கும்போதும் ஒரு பகுதியை விட்டுவிடுவது வழக்கம்.

1974 ஆம் ஆண்டு இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சோலிகர்களின் பயிர்ச்செய்கையும் வேட்டையும் நிறுத்தப்பட்டன. காட்டிற்குள் அங்கங்கே இருந்த குடும்பங்கள் ஓரிடத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அவர்கள் வருடாவருடம் வைத்துவந்த சிறு தீயும் தடை செய்யப்பட்டது.

சிறு தீ என்பது என்ன? கோடை கடுமையாவதற்கு முன்னர், நிலத்தில் ஈரம் இன்னும் கொஞ்சம் இருக்கும் காலத்தில், காய்ந்த சருகுக்கு மட்டும் வைக்கும் தீ. அது உயரமாக எழும்பாது, பெரிய மரத்தைச் சுடாது. சருகு எரிந்த இடத்தில் புதுப்புல் வரும். புல்லுக்கு மான் வரும். இதைச் "சருகுத் தீ" என்ற பொருளில் அவர்கள் தங்கள் மொழியில் அழைக்கிறார்கள். காட்டுக்கு அழிவு என்று வெளியார் கருதிய இதனைச் சோலிகர்கள் காட்டைப் பேணும் வேலையாகவே செய்துவந்தார்கள்.

தீ நின்ற பின்னர் இரண்டு மாற்றங்களைச் சோலிகர்கள் கண்டார்கள். ஒன்று, உண்ணிச்செடி காடெங்கும் பரவியது. இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெருவோரத்தில் மஞ்சளும் சிவப்புமாகச் சிறு பூக்கள் பூத்து, கசக்கினால் கடுமையாக மணக்கும் செடி. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இச்செடி 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இலங்கைக்கும் அந்த நூற்றாண்டிலேயே பேராதனைப் பூங்கா வழியாக வந்தது. இரண்டாவது மாற்றம், நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். காய்ப்பு குறையும், மரமும் பட்டுப்போகும்.

பெங்களூரில் 1996 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏட்ரீ என்ற சுற்றாடல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இந்த மலையில் பல வருடங்களாக ஆய்வு செய்துவருகிறார்கள். காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அளந்தார்கள். 1997 ஆம் ஆண்டு ஏறக்குறைய நூற்றுக்கு 40 கட்டங்களில் இருந்த உண்ணிச்செடி, 2008 ஆம் ஆண்டு ஏறக்குறைய 80 கட்டங்களில் இருந்தது. பதினொரு வருடங்களில் இரு மடங்கு! ஏன் இப்படி என்று கேட்டபோது, சோலிகப் பெரியவர்களிடம் விளக்கம் தயாராக இருந்தது. "நாங்கள் தீ வைத்த காலத்தில் இது இப்படி அடரவில்லை" என்பதே அவர்களின் கருத்து. விஞ்ஞானிகள் அதைப் புறந்தள்ளாமல், தமது அளவீடுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள்.

நெல்லி விடயத்திலும் இரு தரப்பும் சேர்ந்தே வேலை செய்தன. ஒவ்வொரு பருவமும் மரத்தில் எவ்வளவு காய் இருக்கிறது, எவ்வளவு பறிக்கப்பட்டது, கன்றுகள் முளைத்தனவா என்று சோலிகர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். விஞ்ஞானியிடம் அளவுகோலும் கணக்கும் இருந்தன. சோலிகரிடம் பல தலைமுறை நினைவு இருந்தது. ஒன்றில்லாமல் மற்றது அரைகுறைதான்.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். இன்று உண்ணிச்செடி அடர்ந்து நிற்கும் இடத்தில் பழையபடி தீ வைத்தால், அது சிறு தீயாக நிற்காது. பெருந்தீயாகிவிடும். முதலில் செடியை அகற்ற வேண்டும். அது மட்டுமல்ல, இது அந்தக் காட்டுக்கும் அந்தக் காலத்துக்கும் உரிய அறிவு. எமது மலையில் யாரும் தீ வைக்கக் கூடாது. இடம் மாறினால் மருந்தும் நஞ்சாகும். பழைய அறிவு என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

சோலிகரே ஆய்வாளராக

இந்த ஆய்வுக் குழுவில் ஒருவர் கலாநிதி சி. மாதேகௌடா. இவர் சோலிகர் சமூகத்தில் பிறந்தவர். படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்று, ஏட்ரீ நிறுவனத்தில் ஆய்வாளரானார். தன் மக்களின் உரிமைக்காகச் சங்கம் அமைத்துப் போராடியவர்களில் ஒருவரும் கூட.

அவரும் மற்ற ஆய்வாளர்களும் செய்த முக்கியமான வேலை ஒரு வரைபடம். சோலிகர்கள் வழிபடும் இடங்கள் காடெங்கும் உள்ளன. கற்குடி, நீரூற்று, மரம் எனப் பலவகை. ஒவ்வொரு குலத்துக்கும் உரிய எல்லையும் உண்டு. முதியவர்களை அழைத்துக்கொண்டு காட்டில் நடந்து, இடம் இடமாகக் கேட்டு, நூற்றுக்கணக்கான இடங்களைக் கருவி கொண்டு குறித்து வரைபடமாக்கினார்கள். அரசாங்க வரைபடத்தில் வெறும் காடாக இருந்த இடம், இப்போது பெயர்களும் கதைகளும் நிறைந்த ஊராகத் தெரிந்தது.

அந்தக் காகிதம் வீண்போகவில்லை. 2006 ஆம் ஆண்டளவில் சரணாலயத்தில் காட்டுப் பொருட்களைச் சேகரித்து விற்பது தடை செய்யப்பட்டது. பல குடும்பங்களின் வருமானம் நின்றது. அதே ஆண்டு இந்தியப் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டில் வாழும் மக்களுக்குக் காட்டின் மீது உரிமை உண்டு என்று அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. 2011 ஜனவரியில் அந்தக் காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, மீண்டும் வெளியேற்றப்படுவோமோ என்ற பயம் எழுந்தது. சோலிகர்கள் விடாமல் விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டு ஒக்ரோபர் மாதம் இருபதுக்கும் மேற்பட்ட சோலிகர் குடியிருப்புகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படி உரிமை கிடைத்தது இந்தியாவில் அதுவே முதல் தடவை.

மக்கள் இருந்தால் புலி அழியும் என்றார்கள் அல்லவா? 2010 ஆம் ஆண்டு ஏறக்குறைய 35 ஆக மதிப்பிடப்பட்ட புலிகள், 2014 ஆம் ஆண்டு ஏறக்குறைய 68 ஆக இருந்தன. இதற்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த காட்டில்தான் புலியும் பெருகியது என்பது உண்மை.

"உன் இடத்தை விட்டுப் போ" என்ற உத்தரவு எமக்குப் புதிதல்ல. எமது நாட்டின் ஆதிவாசிகளுக்கும் இது நேர்ந்தது. 1983 ஆம் ஆண்டு மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, வேடர்கள் வேட்டையாடித் தேன் எடுத்த காடு அவர்களுக்கு மூடப்பட்டது. அவர்களின் தலைவர் திசாஹாமி வெளியேற மறுத்து, 1998 ஆம் ஆண்டு இறக்கும்வரை தம்பானையிலேயே வாழ்ந்தார். இடம் பறிபோகும்போது வீடும் வளவும் மட்டும் போவதில்லை. எந்த மாதத்தில் எந்தப் பழம், எந்த ஊற்று வற்றாது என்ற அறிவும் கூடவே போகிறது. இதை இடம்பெயர்ந்த எமது சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாதியை எடு, பாதியை விடு

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே பொட்டவாட்டமி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் விஞ்ஞானி இருக்கிறார். பெயர் ரொபின் வோல் கிம்மரர். 1953 ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தாத்தாவை ஒன்பது வயதில் வீட்டிலிருந்து பிரித்து, பூர்வகுடிப் பிள்ளைகளின் மொழியையும் வழக்கத்தையும் மறக்கச் செய்யும் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அந்தத் தாத்தாவின் பேத்தி தாவரவியல் படித்து, நியூயோர்க் மாநிலத்தில் சுற்றாடல் விஞ்ஞானக் கல்லூரி ஒன்றில் பேராசிரியரானார். 2013 ஆம் ஆண்டு அவர் எழுதிய நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டு மெக்கார்தர் புலமைப்பரிசில் பெற்றார்.

அந்நாட்டுப் பூர்வகுடிப் பெண்கள் ஒருவகை வாசனைப் புல்லை அறுத்துக் கூடை பின்னுவார்கள். அந்தப் புல் பல இடங்களில் குறைந்துவந்தது. ஏன் குறைகிறது? அறுப்பதாலா, அறுக்காமல் விடுவதாலா? கூடை பின்னும் பெண்களிடமே இந்தக் கேள்வி இருந்தது. "மரியாதையோடு அறுத்தால் புல் தங்கும்" என்பது முன்னோர் சொன்னது. கிம்மரரின் மாணவி ஒருவர் இதை ஆராய விரும்பினார். அறுத்தால் செடி குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று மற்றப் பேராசிரியர்கள் முதலில் அலட்சியம் செய்தார்கள்.

மாணவி நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார். சில பாத்திகளைத் தொடவே இல்லை. சிலவற்றில் ஒவ்வொரு தாளாகக் கிள்ளி எடுத்தார். சிலவற்றில் கொத்தாகப் பிடுங்கினார். எப்படி எடுத்தாலும் பாதிக்கு மேல் எடுக்கவில்லை. இரண்டு வருடங்கள் எண்ணிக் கணக்கெடுத்தார். முடிவு என்ன? எடுத்த பாத்திகளில் புல் செழித்தது. தொடாத பாத்திகளில்தான் காய்ந்த தாள்கள் அடைத்துக்கொண்டு புல் நலிந்தது. பாதியை எடுக்கும்போது வெளிச்சமும் இடமும் கிடைக்கின்றன. நிலத்துக்கடியில் ஓடும் தண்டிலிருந்து புதுத் துளிர் வருகிறது.

கூடை பின்னும் பெண்கள் சொன்னதை அளந்து பார்த்தபோது அது சரியாகவே இருந்தது.

எமது கைகளில் உள்ளது

இந்தச் செய்தி ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆச்சரியமாக இருக்குமா? தேயிலையைப் பறிக்காமல் விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். இரண்டு இலையும் ஒரு அரும்புமாக எடுத்து, முதிர்ந்த இலையை விட்டுவைத்தால் வாது வாதாகத் துளிர்க்கும். கிலோ கூட வேண்டும் என்று முதிர்ந்த இலையையும் சேர்த்து உருவினால் செடி சோர்ந்துவிடும். மட்டக்கம்பு வைத்துப் பறிப்பதும், சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவதும் இதற்காகத்தான். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை பாட்டியின் விரல்கள் நாற்பது வருடங்கள் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான தடவை தீர்மானித்தன. அது அறிவு இல்லையென்றால் வேறு எது அறிவு?

நாம் இந்த மலையின் ஆதிக்குடிகள் அல்லர். காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் போட எமது முன்னோர் அழைத்து வரப்பட்டார்கள். ஆனால் இருநூறு வருடங்களாக இம்மண்ணில் காலூன்றி, எந்த ஊற்று மாசியில் வற்றும், எந்தச் சரிவில் மழைநாளில் நடக்கக்கூடாது என்று கற்றிருக்கிறோம். மருமகளிடம் வேறொரு அறிவு இருக்கிறது. பாலைப்பழம் எப்போது பழுக்கும், கிளையை வெட்டாமல் எப்படிப் பறிப்பது, பனையில் எதை வீணாக்காமல் எடுப்பது என்று அவருக்குத் தெரியும். இந்த இரண்டு பெண்களும் ஒரே அடுப்படியில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டையும் கற்கலாம்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விடயமும் உண்டு. 2014 ஒக்ரோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005, 2011 ஆம் ஆண்டுகளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். விஞ்ஞானிக்குத் தெரிந்தது லயத்துக்குச் சரியாக வந்து சேர வேண்டும். லயத்தில் காண்பது விஞ்ஞானிக்குப் போய்ச் சேர வேண்டும். ஊற்று நீர் திடீரெனக் கலங்குவது, இல்லாத இடத்தில் நீர் கசிவது, இருந்த ஊற்று மறைவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, சுவரிலும் நிலத்திலும் வெடிப்பு விரிவது ஆகியவற்றைத்தான் மண்சரிவின் அறிகுறிகளாக அந்நிறுவனமும் சொல்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும் பெண்ணே இவற்றை முதலில் காண்கிறாள். கண்டால் "எனக்கென்ன தெரியும்" என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளோடு அந்த இடத்தை விட்டு விலகுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு, அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

ஒரு கொப்பி போதும்

இம்மாதம் நீங்கள் செய்யக்கூடிய ஒரு சிறு வேலை. பிள்ளையின் பழைய கொப்பியில் மீதமுள்ள தாள்களை எடுங்கள். வீட்டில் உள்ள முதியவரிடம் கேட்டு எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள்.

செடியின் பெயர் என்ன? தோட்டத்தில் ஒரு பெயர், வன்னியில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒரு பெயர் இருந்தால் எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கே, எந்த மாதத்தில் கிடைக்கும்? எப்படி எடுக்க வேண்டும், எவ்வளவு விட வேண்டும்? முன்பு இருந்து இப்போது காணாமல் போனவை எவை? கடைசியாக, இதைச் சொன்னவர் யார்? அந்தப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். சொன்னவரின் பெயர் இல்லாமல் அறிவு ஊர் சுற்றினால், நாளை அது வேறு யாருடையதாகவோ ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒன்றுபோலத் தோன்றும் செடிகள் பல உண்டு. கேள்விப்பட்ட மூலிகையை வைத்தியரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் விசேடமாகக் கவனிக்க வேண்டும். எழுதி வைப்பது வேறு, மருந்தாக உண்பது வேறு.

அன்று மாலை மருமகள் வல்லாரையோடு திரும்பி வந்தார். பேத்தி கொப்பியைத் திறந்து, "பாட்டி, உங்க முழுப் பேரு என்ன? மொதல்ல அதத்தான் எழுதணுமாம்" என்றாள். தராசுக்காரர் ஒரு நாளும் கேட்காத விதத்தில் தன் பெயர் கேட்கப்பட்டதில் பாட்டிக்குக் கொஞ்சம் வெட்கம். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னார்.

உங்கள் வீட்டுக் கொப்பியின் முதல் பெயர் யாருடையது?

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.